300 மெகாபிட் வாங்கியும் பின்னறைக்கு வராத வேகம்: பாடாங் செராய் வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

கணினியில் வைஃபை மெதுவாக இருக்கிறது என்று தொடங்கிய ஒரு புகார், எங்கெல்லாம் போய் எப்படி முடிந்தது என்பதன் முழுப் பதிவு இது. வீட்டாரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். இணையச் சேவை நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவைப்படவில்லை. இந்த ஊரில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் நான். ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர், தேவையில்லாத பெரிய பேக்கேஜுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்பதைப் பார்க்கிறேன். அதுதான் இதை எழுத வைத்தது.

பின்னணி

பாடாங் செராய், மலேசியாவின் கெடா மாநிலத்துத் தென்பகுதியில், கூலிம் மாவட்டத்தில் இருக்கிறது. சுற்றுவட்டாரம் ஒருகாலத்தில் பால்மரக் காடு. இன்று பெரும்பாலும் செம்பனை. தோட்டத்து லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் டவுனை ஒட்டிய மலிவு விலைத் தாமான்களில் (வீடமைப்புக் குடியிருப்புகளில்) குடியேறி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. பெற்றோர் தலைமுறையில் பலர் இன்னும் தோட்டத்தையும் ஆலையையும் நம்பி இருக்கிறார்கள். பிள்ளைகள் பலருக்கு 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஷிப்டு வேலை.

இந்த வீடும் அப்படித்தான். அப்பா செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். மூத்த மகன் கூலிமில் தொழிற்சாலை ஊழியர். கடைசிப் பையன் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். நடுவில் ஒரு மகள்: பட்டப்படிப்பு முடித்துவிட்டு, நிரந்தர வேலைக்குக் காத்திருக்கும் நேரத்தில் எஸ்.பி.எம். (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) மாணவர்களுக்கு இணையம்வழி கணித வகுப்பு எடுக்கிறார். இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை வகுப்பு. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச்சில் வந்தபோது, தானே மாணவியாக இருந்து பழகிய முறையை இப்போது ஆசிரியராக நடத்துகிறார். அந்த வருமானத்தில்தான் அவருடைய கல்விக் கடன் கட்டப்படுகிறது.

வீட்டின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சிக்கலில் பாதி அதில்தான் இருந்தது. மாடியில்லாத, ஒற்றைத் தளத் தொடர்வீடு. முன்னால் ஹால், அடுத்து இரண்டு அறைகள், பின்னால் சமையலறை. பல ஆண்டுகளுக்கு முன் பின்பக்கம் இழுத்துக் கட்டி, சமையலறையை நகர்த்தி, அதன் பக்கத்தில் ஒரு சிறிய அறை எடுத்திருக்கிறார்கள். வீட்டின் பழைய வெளிச்சுவரை இடிக்கவில்லை. கதவு வைக்கும் அளவுக்குத் திறந்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். கணினி இருப்பது அந்தச் சிறிய அறையில். ஃபைபர் பெட்டி இருப்பது ஹாலின் முன்சுவரில். இடையில் இரண்டு செங்கல் சுவர்கள். அவற்றின் நடுவே பெற்றோர் அறையில் கண்ணாடி பதித்த ஓர் இரும்பு அலமாரி.

புகாரும், அதற்கு முன் வீட்டார் செய்தவையும்

“லைன் ரொம்ப ஸ்லோ தம்பி. பேக்கேஜைக் கூட்டியும் அப்படியே இருக்கு,” என்று அம்மா சொன்னார். வகுப்பில் மாணவர்கள் “டீச்சர், உங்க குரல் உடையுது” என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள்.

என்னை அழைக்கும் முன்பே குடும்பம் நான்கு காரியங்கள் செய்திருந்தது. நொடிக்கு 100 மெகாபிட் திட்டத்தை 300ஆக உயர்த்தியிருந்தார்கள். மாதக் கட்டணம் 60 வெள்ளி (ரிங்கிட்) கூடியது. இணையத்தில் ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கி, கணினிக்குப் பக்கத்துப் பிளக்கில் மாட்டியிருந்தார்கள். ஹாலில் ரவுட்டர் பார்வைக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதை டிவி அலமாரிக்குள் நகர்த்தியிருந்தார்கள். நான்காவது விஷயத்தை அப்பா தணிந்த குரலில் சொன்னார்: பக்கத்து வீட்டுப் பையன் தங்கள் வைஃபையைத் திருடுகிறான் என்று சந்தேகப்பட்டு, அந்த வீட்டாரோடு பேச்சைக் குறைத்திருக்கிறார்.

முதலில் அதைத் தீர்த்துவிடுவோம் என்று ரவுட்டருக்குள் நுழைந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலை எடுத்தேன். ஒவ்வொரு வரியையும் வீட்டில் இருக்கும் ஒரு பொருளோடு பொருத்தினோம்: கைப்பேசிகள், டிவி, இரண்டு பாதுகாப்புக் கேமராக்கள், கணினி, பூஸ்டர். ஒன்றுகூட மிச்சமில்லை. அப்பா பட்டியலை இரண்டு முறை படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாலும், இந்த ஆய்வில் இது சிறிய விஷயம் இல்லை. ஒரு தொடர்வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரோடு மனத்தாங்கல் வைத்துக்கொண்டு வாழ்வது கடினம். சந்தேகத்துக்கு முன் பட்டியலைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கணினியில் கண்டது

பகல் நேரத்தில் கணினியில் வேகச் சோதனை ஓட்டினேன். பதிவிறக்கம் 11 மெகாபிட், பதிவேற்றம் 4. ஆனால் திரையின் மூலையில் வைஃபை குறி முழுக் கோடுகளோடு இருந்தது. “சிக்னல் ஃபுல்லா இருக்கே அங்கிள், அப்புறம் ஏன்?” என்று மகள் கேட்டார். சரியான கேள்வி. இதற்குப் பதில் பிறகு வருகிறது.

விண்டோஸ் அமைப்பில் வைஃபை இணைப்பின் விவரப் பக்கத்தைத் திறந்தால், எந்தத் தரத்தில், எந்த அலைவரிசையில், எந்தச் சேனலில், என்ன இணைப்பு வேகத்தில் கணினி பேசுகிறது என்பது வரிசையாக இருக்கும். பலர் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. இங்கே அது சொன்னது: வைஃபை 4, 2.4 கிகாஹெர்ட்ஸ், இணைப்பு வேகம் 72 மெகாபிட். வைஃபை 4 என்பது 2009இல் வந்த 802.11என் தரம். ஒற்றை ஆன்டெனா உள்ள கருவி, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் எட்டக்கூடிய உச்சம் இந்த 72தான். அதிலும் கையில் கிடைப்பது பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை. ஆக, எவ்வளவு பெரிய திட்டம் வாங்கினாலும் இந்தக் கணினி இந்த வழியில் 300ஐப் பார்க்கவே முடியாது. திட்டத்தை உயர்த்துவதற்கு முன் யாராவது இந்த ஓர் எண்ணைப் பார்த்திருந்தால் போதும்.

கணினியில் வைஃபை உள்ளே இல்லை. நகக்கண் அளவு யுஎஸ்பி டாங்கிள் ஒன்று கணினிப் பெட்டியின் பின்புறம் சொருகியிருந்தது. மேசைக்கு அடியில், சுவரைப் பார்த்தபடி, இரும்புப் பெட்டியின் முதுகில். அதற்கு விரல் அளவு தூரத்தில், நீல நிற யுஎஸ்பி 3.0 துளையில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்.

லைனா, வீட்டுக்குள்ளா

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: வேகம் வீட்டுக்கு வெளியே குறைகிறதா, உள்ளே குறைகிறதா? இதைப் பிரிக்க ஒரே வழி, கம்பி போட்டு அளப்பது. என் மடிக்கணினியை ரவுட்டரோடு லேன் கேபிளில் இணைத்து, மற்ற எல்லாரையும் வைஃபையிலிருந்து இறக்கிவிட்டு, சோதித்தேன். பதிவிறக்கம் 94, பதிவேற்றம் 48.

வீட்டார் இதைக் கண்டு மகிழ்ந்தார்கள், கணினியில் 11 வந்த இடத்தில் 94 வருகிறதே என்று. எனக்கு அந்த எண் நெருடியது. 94 என்பது தற்செயலாக வரும் எண் அல்ல. 100 மெகாபிட் லேன் இணைப்பில், தரவைச் சுற்றிக் கட்டும் தலைப்புகளின் அளவு போக மிஞ்சுவது ஏறத்தாழ இதுவே. 300 மெகாபிட் திட்டத்தில் மீண்டும் மீண்டும் 94 வந்தால், எங்கோ ஒரு கம்பி 100இல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

என் கேபிளை மாற்றிப் பார்த்தேன், அதே 94. அப்படியானால் மிச்சம் இருப்பது ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையே ஓடும் கேபிள். டிவி அலமாரியை நகர்த்தினோம். ரவுட்டரை அலமாரிக்குள் கொண்டுபோனபோது பழைய கேபிள் எட்டாததால், வீட்டில் கிடந்த ஒரு நீளமான கேபிளைப் போட்டிருக்கிறார்கள். அலமாரியின் கால் அதன்மேல் நின்று நசுக்கியிருந்தது. லேன் கேபிளுக்குள் எட்டு இழைகள் இருக்கும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100க்குத் தேவைப்படாத மற்ற நான்கில் ஓர் இழை போனால் இணைப்பு அறுந்துவிடாது. சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது.

புதிய கேபிள் போட்டதும் 290க்கு மேல் போனது. திட்டத்தை உயர்த்திய நாளிலிருந்து அந்த வீடு 300க்குக் காசு கட்டி 94ஐப் பயன்படுத்தியிருக்கிறது. பழைய திட்டத்தில் 100தான் உச்சம் என்பதால் அந்தக் கேபிளின் கோளாறு அப்போது தெரியவில்லை.

இதே இடத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பதிவேற்றம் 48லேயே நின்றது. பில்லை எடுத்துப் பார்த்தோம். இவர்களுடைய 100 திட்டத்திலும் பதிவேற்றம் 50. 300 திட்டத்திலும் 50. ஆசிரியரின் முகமும் குரலும் மாணவர்களுக்குப் போவது பதிவேற்றத்தில். மாதம் 60 வெள்ளி கூடுதலாகக் கொடுத்து வாங்கியதில், வகுப்புக்குத் தேவையான பக்கத்தில் ஒரு மெகாபிட்கூடக் கூடவில்லை. வகுப்புக்கு அந்த 50இல் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். ஸூம் வகுப்பில் உயர்தரப் படம் அனுப்பினாலும் நான்கு மெகாபிட்டைத் தாண்டாது. லைனில் தேவைக்கு மேல் இருந்தது. பின்னறைக்கு அது வந்து சேரவில்லை.

முழுக் கோடும் மெதுவான பூஸ்டரும்

பூஸ்டர் கணினியிலிருந்து ஒரு முழம் தள்ளி, அதே அறையில் இருந்தது. கணினி பூஸ்டரோடு பேசியது, அதனால்தான் முழுக் கோடு. ஆனால் பூஸ்டர் ரவுட்டரோடு பேச வேண்டியது அதே இரண்டு சுவர்களையும் அதே இரும்பு அலமாரியையும் தாண்டி. அந்த இரண்டாம் பாதியின் நிலையைக் கணினியின் கோடுகள் காட்டுவதில்லை. பாதித் தண்ணீர் வழியிலேயே ஒழுகிவிட்ட குழாயில், கடைசிக் குழாய்முனை மட்டும் பளபளவென்று இருந்தது போன்ற நிலை. இந்த வகை மலிவான பூஸ்டரில் ரேடியோ ஒன்றே ஒன்று. வாங்குவதும் கொடுப்பதும் அதே ரேடியோவில், அதே சேனலில், மாறி மாறி. அதனால் இருக்கிற வேகமும் பாதியாகிறது.

பூஸ்டரைப் பிடுங்கினேன். கணினியில் கோடு இரண்டாகக் குறைந்தது. மகள் “போச்சு” என்றார். சோதனை ஓட்டினோம்: பதிவிறக்கம் 16, பதிவேற்றம் 9. கோடு குறைந்து வேகம் கூடியதை அவர் தன் கண்ணால் பார்த்த பிறகுதான், மற்ற மாற்றங்களைப் பொறுமையாகச் செய்ய அவருக்கு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன்.

காசில்லாமல் செய்த மாற்றங்கள்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே கணினியில், அதே சோதனை நிலையத்தில் அளவு. இதில் நான் கண்டிப்பாக இருந்தேன். நான்கு விஷயங்களை ஒன்றாக மாற்றி வேகம் கூடினால், எது வேலை செய்தது என்று தெரியாது. இரண்டு மாதம் கழித்து மறுபடி கெட்டால் மறுபடி முதலிலிருந்து.

முதல் மாற்றம் டாங்கிளில். யுஎஸ்பி 3.0 இணைப்பு வேலை செய்யும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கும் டாங்கிளும் ஒட்டிக்கொண்டிருந்தால், பக்கத்தில் ஒருவர் இடைவிடாமல் கத்திக்கொண்டிருக்க தூரத்துக் குரலைக் கேட்கச் சொல்வதற்கு ஒப்பு. ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் டாங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவந்து, கதவைப் பார்த்து வைத்தோம். வயர் மகளின் பழைய பெட்டியிலேயே இருந்தது. வேகம் 24, பதிவேற்றம் 14. இந்த ஆய்வில் மிகக் குறைந்த வேலைக்கு மிக அதிகப் பலன் கொடுத்தது இதுதான்.

அடுத்து ரவுட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, மேல்தட்டில், டிவிக்கு ஒதுக்கமாக வைத்தோம். அம்மாவுக்கு மனமில்லை, ஹால் அலங்கோலமாகிறது என்றார். தெரியும்படி வைத்தால்தான் வேலை செய்யும் பொருள் என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தோம். அந்த அலமாரியின் முதுகுத் தகடு இரும்பு.

பிறகு சேனல், அதாவது அலைவரிசைக்குள் ரவுட்டர் பிடித்துக்கொள்ளும் தடம். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 1 முதல் 13 வரை இருந்தாலும், ஒவ்வொன்றும் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கமாக இருக்கின்றன. சிக்னலின் அகலமோ 20. ஒன்றோடொன்று மோதாமல் நிற்க வழக்கமாக எடுப்பவை 1, 6, 11. தொடர்வீடுகளில் இடமும் வலமும் பின்வரிசையும் சேர்ந்து ஏழெட்டு ரவுட்டர்கள் கேட்கும். கைப்பேசிச் செயலியில் பார்த்தபோது 6லும் 11லும் கூட்டம். 1இல் தூரத்தில் ஒன்று மட்டும். இவர்கள் ரவுட்டர் தானியங்கி முறையில் 9ஐப் பிடித்து, 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. சேனல் 1, அகலம் 20 என்று நிலைப்படுத்தினேன். அகலத்தைக் குறைத்தால் வேகம் குறையாதா என்று மகன் கேட்டார். காலியான வெளியில் குறையும். நெரிசலில் குறுகியதே முந்தும். அளவு 34, பதிவேற்றம் 20.

கணினியின் டிரைவர் புதுப்பிப்பு, மின்சேமிப்பு அமைப்பு ஆகியவற்றையும் பார்த்தேன். குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை.

5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏன் மாறவில்லை என்று கேட்பார்கள். டாங்கிளுக்கு அது தெரியாது. புதிய டாங்கிள் வாங்கலாமா என்று முடிவெடுக்க என் மடிக்கணினியைப் பின்னறையில் வைத்து அளந்தேன். ஹாலில் 5 கிகாஹெர்ட்ஸில் 270 வந்தது; பின்னறையில் சிக்னல் மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் கூடும்), வேகம் 20ஐச் சுற்றித் தள்ளாட்டம். நிலையான காணொளிக்கு மைனஸ் 67 அளவிலாவது வேண்டும். அதிர்வெண் கூடக் கூட, செங்கல் சுவரைத் தாண்டும் திறன் குறையும். காசு மிச்சமானது.

இரவு எட்டரை மணி

பகலில் எல்லாம் சீரானபோதும், இரவு வகுப்பு நேரத்துக்கு அளக்காமல் இதை முடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். இரவு எட்டரைக்கு மகள் படம் பிடித்து அனுப்பினார்: பதிவிறக்கம் 22, பதிவேற்றம் 3. மாணவர் ஒருவர் மறுபடியும் “குரல் உடையுது” என்றிருக்கிறார்.

மறுநாள் இரவு நேரில் போய், கணினியின் பணி மேலாளர் பக்கத்தைத் திறந்து, எந்த நிரல் இணையத்தை இழுக்கிறது என்று பார்த்தோம். வகுப்பு நிரலுக்கு மேலே, பட்டியலின் உச்சியில், மேகச் சேமிப்பு நிரல். மகள் ஒவ்வொரு வகுப்பையும் பதிவு செய்து, வராத மாணவர்களுக்காகச் சேமிக்கிறார். எட்டு மணி வகுப்பு முடிந்து, ஒன்பது மணிக்கு அடுத்த குழு தொடங்கும்போது, முந்தைய வகுப்பின் பதிவு தானாகவே மேலேறிக்கொண்டிருக்கிறது. முந்தின நாளின் மிச்சமும் வரிசையில் நிற்கிறது. அவருடைய வகுப்பை உடைத்தது அவருடைய வகுப்புதான்.

கூடவே இரண்டு கேமராக்கள், வாசலில் ஒன்று, பின்கட்டில் ஒன்று, இரவும் பகலும் இடைவிடாமல் படத்தை வெளி சேவையகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தன, அதே 2.4 கிகாஹெர்ட்ஸில். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பலவீனமான சிக்னலில் மெதுவாகப் பேசும் பின்கட்டுக் கேமரா, மற்றவர்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். மூத்த மகன் ஷிப்டு முடிந்து வந்ததும் கைப்பேசிப் படங்கள் தானாக ஏறுவதும் அதே நேரம்தான்.

மேகச் சேமிப்பை இரவு வகுப்புக்கு முன் நிறுத்தி வைத்து, வகுப்புகள் முடிந்த பிறகு தொடர வைத்தோம். கேமராக்களை, அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பும்படி மாற்றி, மற்றதை மெமரி கார்டில் பதியச் செய்தோம். மகனின் கைப்பேசியையும் டிவியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளினோம். இரவு அளவு: பதிவேற்றம் 17, ஏறி இறங்காமல்.

எடுத்த முடிவு: கம்பி

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். வகுப்புக்கு 17 தாராளம். ஆனால் இது எவ்வளவு நாள் தாங்கும் என்பதில் எனக்குத் தெளிவில்லை. பக்கத்து வீட்டார் நாளைக்குப் புதிய ரவுட்டர் வாங்கி சேனல் 1இல் உட்கார்ந்தால் பழைய கதைதான். மகளின் வருமானம் இதில் இருக்கிறது. பிறர் வீட்டு ரவுட்டரை நம்பி அதை வைக்க முடியாது.

மூன்று வழிகள் முன்னால் இருந்தன. மெஷ் கருவிகள், அதாவது ஒன்றோடொன்று பேசி வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் கருவிகள், வாங்கலாம். ஆனால் வயரில்லாத மெஷ்ஷின் இரண்டாவது கருவியும் அதே சுவர்களைத் தாண்டித்தான் பேச வேண்டும், விலையும் அதிகம். மின்கம்பி வழியாக இணையம் அனுப்பும் பவர்லைன் கருவி இருக்கிறது. பின்கட்டுக்குக் கட்டுமானக்காரர் தனியாக இழுத்த வயரிங்கில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். மூன்றாவது, லேன் கேபிள். மேசைக் கணினி இடம் பெயராத பொருள். இடம் பெயராததற்குக் கம்பிதான் முறை. வைஃபையைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பவற்றுக்கு விடலாம். அப்பாவுக்கு, சுவரில் துளை போட வேண்டுமே என்ற தயக்கம் இருந்தது. மெஷ் விலையையும் கேபிள் விலையையும் ஒரே தாளில் எழுதிக் காட்டியதும் தயக்கம் போனது.

கேட் 6 கேபிள், முழுச் செம்பு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு கேபிள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், கையில் எடுத்தால் எடை குறைவு. இழை எளிதில் ஒடியும். சீலிங்குக்கு மேலே ஹாலிலிருந்து பின்னறை வரை 22 மீட்டர். கேட் 5இ ஆனாலும் கேட் 6 ஆனாலும் கிகாபிட்டுக்கு 100 மீட்டர் வரை எல்லை என்பதால் தூரம் கவலையில்லை. கவலை வேறு: எலி. செம்பனையைச் சுற்றி வாழும் ஊர்களில் சீலிங்கில் எலி இல்லாத வீடு குறைவு. கேபிளைச் சும்மா போடாமல் பிவிசி குழாய்க்குள் விட்டோம். ஆலையில் பராமரிப்பு வேலை செய்து பழகியவர் என்பதால், குழாய் வேலை முழுவதும் அப்பா கையால் நடந்தது. பின்கட்டின் கூரை துத்தநாகத் தகடு, மதியத்தில் அடுப்பாகக் காயும். குழாயைத் தகட்டோடு ஒட்டாமல் மரச்சட்டத்தின் கீழ்ப்புறமாகக் கட்டினார். சுவர் வழியே மின்கம்பியோடு சேர்த்து ஒரே குழாயில் விடக் கூடாது என்பதையும் அவரே சொன்னார். கேபிள் வீட்டுக்கு வெளியே எங்கும் போகவில்லை. இடி அதிகம் விழும் நாட்டில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே திறந்தவெளியில் செம்புக் கம்பி இழுப்பதை நான் செய்வதில்லை.

பொருள் செலவு மொத்தம் 160 வெள்ளிக்குள். மூன்று மாதத்தின் கூடுதல் கட்டணத்தைவிடக் குறைவு.

பிறகு நடந்தது

கம்பி போட்டதும் கணினியின் இணைப்பு வேகம் ஒரு கிகாபிட் என்று காட்டியது. 94 கொடுத்த பாடத்துக்குப் பிறகு முதலில் பார்த்தது அதைத்தான். பதிவிறக்கம் 290, பதிவேற்றம் 49. இரவு எட்டரைக்கும் அதே எண்கள்தான்.

வகுப்பில் குரல் உடைவது நின்றது. விலகிய இரண்டு மாணவர்களில் ஒருவர் அடுத்த மாதம் திரும்பினார். மற்றவர் வேறு டியூஷனுக்குப் போய்விட்டார். கணினி வைஃபையிலிருந்து இறங்கியதால், வீட்டின் கைப்பேசிகளுக்கும் கொஞ்சம் இடம் கிடைத்தது. கடைசிப் பையனின் விளையாட்டு முன்பைவிடத் தடையில்லாமல் ஓடுகிறது என்பதை அம்மா புகாராகச் சொன்னார்.

300 திட்டம் இந்தக் குடும்பத்துக்குத் தேவையில்லை என்பது இப்போது எண்களோடு தெரிகிறது. ஆனால் உயர்த்தியபோது ஒப்பந்தம் புதிதாகத் தொடங்கிவிட்டது. அது முடியும்வரை கீழே இறங்க வழியில்லை. அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்கள். பூஸ்டரை மகள் வெளியே எடுத்து வைத்துவிட்டார். அதே பூஸ்டரை இரண்டு சுவர்களுக்கும் நடுவே, ரவுட்டரின் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் வைத்தால் அம்மாவின் சமையலறைக் கைப்பேசிக்கு உதவும். அதை இன்னும் செய்யவில்லை.

அப்பா பக்கத்து வீட்டாரோடு மறுபடியும் பேசத் தொடங்கியிருக்கிறார். என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்கினார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வீட்டில் மாற வேண்டியவை

இனி எந்த வீட்டிலும் முதல் அளவை இரவில் எடுக்கச் சொல்வேன், அதுவும் வீட்டாரையே. என்ன நேரத்தில் கஷ்டமோ அந்த நேரத்து எண்தான் பேசும். பகலில் நான் போய் எடுக்கும் எண்ணில் மேகச் சேமிப்பும் கேமராவும் ஒளிந்துகொள்ளும். பதிவிறக்கம் மட்டும் அல்ல, பதிவேற்றத்தையும் எழுதச் சொல்ல வேண்டும். பலர் முதல் எண்ணைப் பார்த்ததும் திரையை மூடிவிடுகிறார்கள்.

ரவுட்டரில் கம்பி போட்டு அளப்பது அடுத்தது, திட்டத்தை மாற்றுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே. அங்கே வேகம் சரியாக வந்தால் சேவை நிறுவனத்தை அழைப்பதில் பயனில்லை. அங்கேயே குறைந்தால், அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால் பேச்சு நேராகப் போகும். 94 வந்தால் கேபிள்களைப் பார்க்க வேண்டும்.

சுவரின் விஷயத்தில், பின்கட்டு எழுப்பிய பிறகு கம்பி இழுப்பதைவிட எழுப்பும்போதே ஒரு வெற்றுக் குழாயைப் பதித்துவிடுவது எளிது. குழாயின் விலை சில வெள்ளிதான். எங்கள் பக்கத்துத் தாமான்களில் பின்கட்டு இழுக்காத வீடு இப்போது அபூர்வம்; பிளம்பிங்குக்கும் மின்சாரத்துக்கும் கட்டுமானக்காரரிடம் வரைந்து கொடுப்பவர்கள் இணையத்துக்குக் கோடு போடுவதில்லை. இந்தத் தொடரிலேயே நான்கு வீடு தள்ளி ஒருவர் பின்பக்கம் இழுத்துக் கட்டுகிறார். சுவர் பூசுவதற்குள் ஹாலிலிருந்து ஒரு குழாயை விடச் சொல்லி, கேபிளின் நீளத்தையும் அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.